குட்டி ஈனும் பெரிய மீன்கள்: தொட்டிக்கு அழகு, குளத்துக்கு ஆபத்து

திருவனந்தபுரம்: முட்டையிடாமல் குஞ்சுகளை ஈனும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பி சிறியது, வாள்வால் மீனும் பாய்த்துடுப்பு மோலியும் பெரியவை. சுமார் 15 செ.மீ. வரை வளரக்கூடிய இவற்றின் தாயகம் அமெரிக்கக் கண்டம். இவற்றுக்கு நீளமான, மூடியுள்ள தொட்டி தேவை.

பெண் மீன் ஏறத்தாழ மாதம் ஒருமுறை குஞ்சு ஈனும். ஆண் மீனின் விந்தணுவைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைப்பதால், ஆண் துணையின்றியே மீண்டும் ஈனக்கூடும். எனவே, ஒரு குளத்தில் இவை பெருக சினையுற்ற ஒரு பெண் மீனே போதுமானது.

கொசுப்புழு ஒழிப்புக்காக 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அது பிற மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே, கிழக்கேகோட்டை பத்மதீர்த்தக் குளம் போன்ற நீர்நிலைகளில் வளர்ப்பு மீன்களை விடுதல் கூடாது. மிகுதியானவற்றைக் கடைக்காரரிடமோ பிற வளர்ப்பாளரிடமோ ஒப்படைக்கலாம்.