‘அர்-ரூம்’ அத்தியாயமும் அமராவதிக் கரையின் உழவும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

திருக்குர்ஆனின் 30-ஆம் அத்தியாயம் ரோமர்களின் பெயரால் ‘அர்-ரூம்’ என்று அழைக்கப்படுகிறது. பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவைப் பார்க்குமாறு அதன் 9-ஆம் வசனம் நம்மைத் தூண்டுகிறது. அவர்கள் வலிமையில் மிகைத்திருந்தார்கள், நிலத்தை உழுதார்கள், அதில் வளமாக வாழ்ந்தார்கள் என்று இறைவன் நினைவூட்டுகின்றான். உழவு அங்கே தனித்துச் சொல்லப்பட்டிருப்பதை நாம் பெரும்பாலும் கவனியாமல் ஓதிச் சென்றுவிடுகிறோம். கொமரலிங்கம் வட்டாரத்தில் வாழும் நாம் இவ்வசனத்தின் பொருளைக் காண வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

நகரத்தின் அடியில் ரோமானியத் தோட்டம்

ராஜவாய்க்கால் வழியே நம் வயல்களுக்கு நீர் தரும் அமராவதி, கீழே கரூரைக் கடந்து காவிரியில் கலக்கிறது. இன்று நெசவுக்கும் பேருந்துக் கூண்டு கட்டும் தொழிலுக்கும் பெயர்பெற்ற கரூரையே, சேரரின் தலைநகரான வஞ்சி என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அங்கு நடந்த அகழாய்வுகளில் ரோமானிய ‘ஆம்போரா’ சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அமராவதியின் மணலிலிருந்து ரோமானிய நாணயங்களும் கிடைத்துள்ளன.

இரு கைப்பிடிகளும் கூரிய அடிப்பகுதியும் கொண்ட இச்சாடிகளில்தான் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுவும் ஒலிவ எண்ணெயும் கப்பலேறின. எங்கோ ஓர் உழவன் வளர்த்த திராட்சையும் ஒலிவமும் இத்துண்டுகளுக்குப் பின்னே நிற்கின்றன. அவ்வகையில், ரோமானிய வேளாண்மையின் தடயம் ஒரு தமிழ் நகரத்தின் அடியில் கிடக்கிறது.

நம் பக்கத்து விளைச்சலும் அங்கே சென்றது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில், ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு நிறைந்த இந்தியச் சாடி ஒன்றை ஆய்வாளர்கள் கண்டெடுத்தனர். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை உறிஞ்சிக்கொள்கிறது என்று முதல் நூற்றாண்டின் ரோமானிய அறிஞர் பிளினி மனம் வருந்தி எழுதினார்.

கல்லறைக்குள் இருந்த நெல்

இவற்றையெல்லாம்விடப் பழைய சான்று நம் அண்டையிலேயே உள்ளது. பழநிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள பொருந்தல் என்னும் ஊரில், புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009-லும் 2010-லும் அகழாய்வு செய்தார். ஈமச்சின்னம் ஒன்றில், நான்கு கால்கள் கொண்ட சாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. அமெரிக்க ஆய்வகத்தில் செய்யப்பட்ட கரிமப் பகுப்பாய்வு, அந்நெல்லின் காலம் கி.மு. 490 அளவினது என்று காட்டியது. ரோமானிய வணிகம் இங்கே செழிப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் நெல் புழங்கியிருக்கிறது.

யாரோ சிலர், தாம் இழந்த ஒருவரை அடக்கம் செய்தபோது, தம்மிடமிருந்ததில் மதிப்புமிக்கதாக நெல்லைத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். அவர்களின் நம்பிக்கை வேறு, நம்முடைய நம்பிக்கை வேறு. ஆயினும் அந்தத் துயரமும், தானியத்தின் மீதான அந்த மதிப்பும் நமக்கு அந்நியமானவை அல்ல.

நம்மிடம் உள்ள அமானிதம்

இன்று நம் குடும்பங்களில் பலவற்றுக்குப் பனியன் தொழிலே சோறு போடுகிறது. அது ஹலாலான உழைப்பு, அதில் குறையில்லை. ஆனால் பாட்டன் உழுத வயல் மனைகளாகக் கூறுபோடப்படும்போது, இரண்டு இழப்புகள் நேர்கின்றன. விளையும் நிலம் போகிறது. அஸ்திவாரம் தோண்டும் இயந்திரம் பானையோட்டையும் பழங்கல்லறையையும் நொறுக்கிச் செல்லும்போது, முன்னோரின் சான்றும் போய்விடுகிறது.

புதையலில் ஐந்தில் ஒரு பங்கு கடமை என்று நபி (ஸல்) அவர்கள் விதித்தார்கள். புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். கண்டெடுத்தது முழுவதும் கண்டவருக்கே என்று மார்க்கமும் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. எனவே, தோண்டும் இடத்தில் பழம்பொருள் எதுவும் தென்பட்டால், வேலையை நிறுத்திக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்வோம். பிள்ளைகளை ஒருநாள் பொருந்தலுக்கு அழைத்துச் சென்று அந்நெல்லின் கதையைக் கூறுவோம்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனும் பறவையும் விலங்கும் உண்பது அவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அறிவோம். பேரரசின் நாணயம் மணலில் புதைந்தது. உழவனின் நெல்லோ இன்றும் அதே மலையடியில் விளைந்துகொண்டிருக்கிறது. அதை நம் தலைமுறையோடு முடித்துவிடாத நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.