குடிசார் பொறியியல்: வன்னியில்

வீதி, பாலம், குளம், கட்டடம், குடிநீர் என ஊருக்குப் பொதுவான வேலைகளைத் திட்டமிட்டுக் கட்டிப் பராமரிக்கும் துறை. தனித் தொழிலாக இது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜோன் ஸ்மீட்டன் காலத்தில் உருப்பெற்றது. 1818இல் லண்டனில் இத்துறைப் பொறியியலாளருக்கென நிறுவனமும் அமைந்தது. இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்குக் குளம் கட்டும் கலை அதற்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தது.

இங்கு துறையின் முதற்பிள்ளை நீர்ப்பாசனப் பொறியியல்தான். மண்கட்டின் ஊடே நீர் கசிவது இயல்பு. கசிவு மண்ணையும் அரித்துக்கொண்டு வந்தால் கட்டு நில்லாது. ஆகவே எந்த மண், எவ்வளவு இறுக்கம் என்று பார்ப்பது மண்ணியற் பொறியியலாளர் வேலை. மழையைக் கணக்கிட்டு, மிகைநீர் வழியும் வானின் அகலத்தைத் தீர்மானிப்பது நீரியலாளர் வேலை. குளத்து நீரை வெளிவிடும் துருசும் வான்கதவும் கட்டமைப்புப் பொறியியலுக்கு உரியவை. பழங்குளங்களின் துருசுக் கிணறுகளைத் தற்கால வால்வுக் கோபுரங்களின் முன்னோடி என்று 1909இல் எழுதியவர் ஹென்றி பாக்கர். அவரே நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்தவர் என்பதால் அக்கூற்றுக்குத் தனி மதிப்புண்டு.

கனகராயன்குளம் பகுதியூடாக வடக்கே ஓடும் கனகராயன் ஆற்றை மறித்தே இரணைமடுக் குளம் எழுந்தது. 1902இல் தொடங்கிய வேலை 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. கட்டு பலமுறை உயர்த்தப்பட்டது. கடைசி உயர்த்தலில் கொள்ளளவு 131இலிருந்து ஏறத்தாழ 148 மில்லியன் கனமீற்றரானது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான்கதவுகள் திறந்த நேரமே பெரிய சர்ச்சையாயிற்று. கட்டி முடித்த பின்னும் குளம் பொறியியலாளரை விடுவதில்லை.

போக்குவரத்துப் பிரிவின் வரலாறு புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே ஏ-9 வீதியோரம் தெரியும். வடக்குப் புகையிரதப் பாதை 1905இல் முழுமையடைந்தது. 1990இல் போரால் நின்றது. தண்டவாளமும் பாலங்களும் புதிதாக அமைக்கப்பட்டு 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. கண்ணிவெடி அகற்றிய பிறகே நில அளவையாளர் இறங்க முடிந்த பாதை அது.

மீண்டும் நீருக்கு வந்தால், இரணைமடு தாண்டிச் சுண்டிக்குளத்தில் கடலை அடையும் நீரை யாழ்ப்பாணத்துக்குத் திருப்ப 1950களில் பொறியியலாளர் ச. ஆறுமுகம் வகுத்ததே ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம். சுண்டிக்குளத்தில் தடுப்பணை கட்டி ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால்வழி வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுசெல்வது அதன் சாரம். அத்திட்டத்தில் தொண்டைமானாற்றுத் தடுப்பணை எழுந்தது. முள்ளியான் வாய்க்கால் வேலை முடியவில்லை.