கப்பல்துறையிலிருந்து திரும்பிய முழங்கால்கள்

1990 மார்ச் 24. திருகோணமலைக் கப்பல்துறையிலிருந்து இந்திய அமைதிப்படையின் கடைசி அணி கப்பலேறிய நாள். 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதைத் தொடர்ந்து வந்திறங்கிய படை, இரண்டு ஆண்டு எட்டு மாதங்களுக்குப் பின் வெளியேறியது. ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தின் பெயர் தனியே இடம்பெற்றிருந்தது. இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் அதைத் தரலாகாது என்பது நிபந்தனை. துறைமுகத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவர்கள், அதன் வழியே திரும்பிய சிப்பாய்களின் கால்களைப் பற்றி எவ்வளவு கவலைப்பட்டார்கள்?

சென்னையில் வந்திறங்கிய அப்படையை வரவேற்க அன்றைய முதல்வர் மு. கருணாநிதி செல்லவில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதன் நியாய அநியாயங்களுக்குள் இங்கே நான் போகவில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நடந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தப் படையைப் பற்றித் தமிழில் எழுத முடியாது. ஆனாலும் ஓர் அரசு ஒருவனைப் போருக்கு அனுப்புமானால், அந்தப் போர் அவன் உடலில் விட்டுச் சென்றதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியதும் அந்த அரசுதான்.

இறந்தவர்கள் 1,100-க்கும் மேல். காயமுற்றவர்கள் சுமார் 3,000 பேர். அவர்களில் கால் இழந்தவர்கள் பலர். திருகோணமலைக்கு வடக்கே மணலாற்றுக் காடுகளில் 1988 முதல் புதைக்கப்பட்டது 'ஜொனி' என்னும் சிறிய மிதிவெடி. அவ்வாண்டு கொல்லப்பட்ட புலிகளின் தளபதி ஒருவரின் பெயர் அது. (தமிழகப் பத்திரிகைகளில் நாங்கள் எல்லாவற்றையும் 'கண்ணிவெடி' என்றே எழுதினோம். மிதிவெடி என்ற ஈழத்துச் சொல்லே பொருத்தமானது.) மிதித்தவன் பெரும்பாலும் சாவதில்லை, பாதம் போகும். அறுவை மருத்துவர்கள் எப்பாடுபட்டாவது முழங்காலைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். முழங்கால் தப்பினால் செயற்கைப் பாதத்தோடு வயல் வரப்பில்கூட நடக்கலாம். அதுவும் போய்விட்டால் மூட்டையும் சேர்த்துச் செயற்கையாகப் பொருத்த வேண்டும்; நடை பல மடங்கு கடினமாகும்.

ஓய்வூதிய அட்டவணையும் இதை அறியும். முழங்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்டால் ஊன விகிதம் கூடுதல், கீழே என்றால் குறைவு. இழந்த உறுப்புக்கு நூற்றுக்கு இத்தனை என்று விலையிடும் இம்முறை முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டன் வகுத்தது. 20 விழுக்காட்டுக்குக் குறைந்தால் மாத ஓய்வூதியம் இல்லை என்ற வரம்பும் அங்கே உண்டு. இந்தியா சுதந்திரம் பெற்ற பின்னும் அந்த 20-ஐ விடவில்லை.

மிதிவெடியில் கால் இழந்தவனுக்கு ஒரு தேதி இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது, காய அறிக்கை இருக்கிறது. வழக்குக்கு அவசியமே இல்லை. வெட்டப்படாத முழங்காலின் கதைதான் வேறு.

வேலூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைத் தேடி வந்தார். 1989-ல் திருகோணமலைக் காட்டில், முதுகில் வயர்லெஸ் கருவியோடு ஓடையைத் தாண்டும்போது வழுக்கி விழுந்திருக்கிறார். முழங்கால் முறுக்கிக்கொண்டது. கூடாரத்தில் கட்டுப்போட்டார்கள், மூன்று நாள் ஓய்வு. நான்காம் நாள் மறுபடி ரோந்து. "கால் போனவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டி வலிக்கிறது என்று எப்படி சார் ரிப்போர்ட் எழுதச் சொல்வது?" என்றார். கிழிந்த சவ்வும் தளர்ந்த தசைநாரும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் மூட்டைத் தேய்த்துவிடும். ஓய்வுபெறும்போது அவருடைய மருத்துவக் குழு எழுதியது: மூட்டுத் தேய்மானம், பணியால் விளைந்ததும் அன்று, பணியால் கடுமையானதும் அன்று. வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே! அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

இதில் வியப்பு என்னவென்றால், விதிகள் அவர் பக்கமே இருந்தன. 1982-ஆம் ஆண்டின் ஊன ஓய்வூதிய உரிமை விதிகளின் 9-ஆம் விதி, உரிமை கோருபவர் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை என்கிறது. நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. களப்பணியில் இருந்தவருக்கு இன்னும் தாராளமாகத் தரப்பட வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது. எழுதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள். நடைமுறையில் மருத்துவக் குழுவின் ஒரு வரி அந்த விதியை விழுங்கிவிட்டது.

2013 ஜூலை 2-ல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் இதைத்தான் சுட்டிக்காட்டியது. 1985-ல் சேர்ந்து 1994-ல் வலிப்பு நோய்க்காக வெளியேற்றப்பட்ட சிப்பாய் அவர். சேரும்போது உடல்நலம் சரியென்று அரசே பதிவு செய்திருந்தால், பின்னர் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென்று சொல்பவர் காரணம் காட்டி நிரூபிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. முழங்கால்காரர்களுக்கும் அன்றுதான் வாசல் திறந்தது. சென்னை உட்பட ஆயுதப்படைத் தீர்ப்பாயங்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டிப் பலருக்கு நியாயம் வழங்கின.

பணக் கணக்கும் சிறிதல்ல. 1996 முதல் நடைமுறைக்கு வந்த முறைப்படி 20-லிருந்து 50-க்குக் கீழ் உள்ள விகிதம் 50 என்றே கொள்ளப்படும். அதாவது 19 விழுக்காடு என்றால் ஒன்றுமில்லை. 20 என்றால் 50! ஒரு மருத்துவரின் பேனா முனையில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவு தொங்குகிறது. பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் இச்சலுகை உண்டென்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லும் வரை, இடையிலேயே வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே அது கிடைத்துவந்தது. பின்னர் 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்தன. காலம் முடித்து ஓய்வுபெறுவோருக்கு இனி ஊன ஓய்வூதியம் என்ற பெயரே இல்லை. 'குறைபாட்டு நிவாரணம்' என்பதாம். முன்னாள் படைவீரர் அமைப்புகள் எதிர்த்தன. சொல்லைச் சுருக்குகிற அரசு பிறகு தொகையையும் சுருக்கும் என்பது அவர்களின் அச்சம். அதை வீண் அச்சம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

ஹவில்தார் மேல்முறையீடு செய்தார். கேட்கப்பட்ட முதல் ஆவணம், 1989-ல் அந்தக் கூடாரத்தில் எழுதப்படாத காகிதம்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே வழக்கு இருக்கிறது. 12 ஆண்டு பணி முடிக்குமுன் ஊனமுற்று விலகிய இலங்கைப் படையினர், தங்களுக்கும் ஓய்வூதியம் வேண்டுமென்று 2017-ல் கொழும்பு கோட்டைத் தொடருந்து நிலையத்தருகே சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நவம்பரில் அவர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. போர் வீரர்களைத் தெய்வமாகப் போற்றும் மேடைகள் நிறைந்த நாட்டில், செயற்கைக் காலோடு வந்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை அது.

அவர்களுக்காவது கோரிக்கை வைக்க ஓர் அரசு உண்டு. மணலாற்றில் எதிர்ப்பக்கம் நின்று முழங்காலை இழந்த பையன்களும் பெண்களும் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள், சிலர் தாண்டிவிட்டார்கள். விறகு பொறுக்கப் போய் அதே மிதிவெடியை மிதித்த ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குக் காய அறிக்கையும் இல்லை, மருத்துவக் குழுவும் இல்லை. அமைதிப்படை வந்திறங்கிய அதே 1987-ல் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட ஜெய்ப்பூர் செயற்கைக்கால் நிலையம், பாதம் தேய்ந்ததும் மாற்றுப் பாதம் பொருத்தித் தருகிறது. அங்கே வருபவரிடம் வெட்டு முழங்காலுக்கு மேலா, கீழா என்று பார்த்து அளவெடுக்கிறார்கள்.