வானம் பார்த்த பூமி: மனிதனை அனுப்புவது குறித்துச் சில குறிப்புகள்

1

1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. நிலவின் விளிம்புக்கு மேலே பூமி எழுந்துவரும் காட்சியை வில்லியம் ஆண்டர்ஸ் படமெடுத்தார். மனிதகுலம் முழுவதும் ஒரே வீட்டில் குடியிருக்கிறது என்பதற்குச் சாட்சியாக அந்தப் படம் இன்றுவரை முன்வைக்கப்படுகிறது. மறுநாள் இரவு, விண்கலம் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, கீழத்தஞ்சை வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். அத்தனை பேரும் தலித்துகள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் குற்றம். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களைப் பின்னர் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது மலிவான உத்தி என்று சிலர் சொல்லலாம். ஒன்று மற்றதற்குக் காரணமில்லை, வாஸ்தவம். ஆனால் 'மனிதன் நிலவைச் சுற்றினான்' என்று எழுதும் வரலாறு, 'மனிதன்' என்ற சொல்லுக்குள் யாரை வைத்திருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 'மனித விண்வெளிப் பயணம்' என்ற சொல்லாடலில் 'விண்வெளி' பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. 'மனிதன்' பற்றித்தான் பேச்சைக் காணோம்.

2

இந்திய விண்வெளி வரலாற்றின் தொடக்கம் மனிதனை அனுப்புவதாக இல்லை என்பது இன்று வசதியாக மறக்கப்படுகிறது. நிலவுக்கும் கோள்களுக்கும் போவதிலோ, ஆளை ஏற்றிப் பறப்பதிலோ பணக்கார நாடுகளோடு போட்டியிடும் கற்பனை நமக்கில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர் விக்ரம் சாராபாய். வானிலை, தகவல் தொடர்பு, கல்வி என்று மண்ணில் இருப்பவனின் தேவைக்காகவே ராக்கெட் என்பது அவர் முன்வைத்த நியாயம்.

அந்த நியாயத்தை நம்பித்தான் தும்பாவில் மீனவர்கள் இடம்பெயர்ந்தார்கள். மகதலா மரியாள் தேவாலயத்தையும் சுற்றியிருந்த குடியிருப்பையும் விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த அப்துல் கலாம் அந்தத் தொடக்க நாட்களில் அங்கே வேலை பார்த்தவர். பிறகு ஸ்ரீஹரிகோட்டா: அங்கே வெளியேறியவர்கள் யானாதிப் பழங்குடிகள். இப்போது குலசேகரப்பட்டினம்: 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்து 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. செலவுக் கணக்கில் இந்த மண் எந்தப் பத்தியில் வருகிறது?

சாராபாயின் பாதை பலன் தரவில்லை என்று சொன்னால் அது பொய். 1977 ஆந்திரப் புயலில் பத்தாயிரம் பேர்வரை மாண்டார்கள். 2013இல் ஒடிசாவைத் தாக்கிய பைலின் புயலில் இறப்பு சில பத்துகளில் நின்றது. செயற்கைக்கோளும், அது சொன்னதைக் கேட்டு லட்சக்கணக்கானோரை அப்புறப்படுத்திய நிர்வாகமும் சேர்ந்து செய்த காரியம் அது. ஆனால் 2017 நவம்பரில் ஒக்கி வந்தபோது மேலே செயற்கைக்கோள் இருந்தது. ஆழ்கடலில் இருந்த குமரி, திருவனந்தபுரம் மீனவனுக்குச் செய்திதான் போய்ச் சேரவில்லை. ராக்கெட்டுக்கு இடம் கொடுத்த அதே கடற்கரையின் சொந்தபந்தங்கள் அவர்கள். வானத்திலிருந்து பூமிவரை வந்த தகவல், கரையிலிருந்து படகுவரை போகவில்லை. அந்தக் கடைசித் தூரம் அறிவியலின் தூரமல்ல, அதிகாரத்தின் தூரம்.

3

'சோத்துக்கே வழியில்ல, ராக்கெட் எதுக்கு?' என்ற கேள்வி பழையது. அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முந்தைய நாள், 1969 ஜூலை 15 அன்று, ரால்ஃப் அபர்னாதி ஏழைக் கறுப்பினக் குடும்பங்களையும் கோவேறு கழுதை வண்டிகளையும் கூட்டிக்கொண்டு ஏவுதளத்துக்கே போய் நின்றார். 1970இல் ஜாம்பியாவிலிருந்த ஒரு கன்னியாஸ்திரீ, குழந்தைகள் பட்டினி கிடக்கும்போது கோடிகளை வானத்தில் கொட்டலாமா என்று நாசாவுக்கு எழுதினார். விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஸ்டூலிங்கர் நீண்ட பதில் எழுதினார். கண்ணாடி வில்லைகளோடு விளையாடிக்கொண்டிருந்தவனை ஒரு பிரபு ஆதரித்ததால்தான் நுண்ணோக்கி வந்தது, நுண்ணோக்கியால் நோய் ஒழிந்தது என்பது அவர் சொன்ன உவமை. அழகான கடிதம், விண்வெளி ஆர்வலர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். அவர் ஹிட்லரின் வி-2 ராக்கெட் திட்டத்தில் வேலை பார்த்தவர் என்பதையும், அந்த ராக்கெட்டுகளைச் செய்த சிறைமுகாமில் ஆயிரக்கணக்கான அடிமைத் தொழிலாளர்கள் செத்தார்கள் என்பதையும் சேர்த்து யாரும் சொல்வதில்லை. ராக்கெட்டின் வம்சாவளியில் பிரபு மட்டும் இல்லை, முகாமும் இருக்கிறது.

ஆனாலும் அந்தப் பழைய கேள்வியோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2024-25 மத்திய பட்ஜெட் ஏறக்குறைய 48 லட்சம் கோடி. விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது 13,000 கோடி. நூறு ரூபாயில் 27 காசு. அதை நிறுத்தினால் மிச்சமாகும் காசு ஏழை வீட்டு உலைக்குப் போகும் என்று நம்ப இந்த அரசுகள் எந்தக் காரணமும் தந்ததில்லை. இன்னொன்று: வானத்தைப் பற்றி யோசிப்பது வயிறு நிறைந்தவனின் சொத்து என்று ஒப்புக்கொள்வதும் ஒருவகை அடிமைத்தனம்தான். சந்திரயான் 3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் பிள்ளை.

பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. 1984இல் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில் போனபோது, மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று கேட்டார் இந்திரா. அவர் இக்பாலின் பாட்டு வரியில் பதில் சொன்னார். கேள்வியும் தேசம், பதிலும் தேசம். 2018இல் அறிவிக்கப்பட்ட ககன்யானுக்கு முதலில் 9,023 கோடி. 2024இல், விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து, 20,193 கோடி. 2035இல் சொந்த நிலையம், 2040இல் நிலவில் இந்தியன் என்று இலக்குகள். சாராபாய் வேண்டாமென்ற கற்பனையே இப்போது கொள்கை. இயந்திரம் செய்யும் வேலைக்கு மனிதன் எதற்கு? மழையை அளக்க ஆள் வேண்டாம்; கொடி பிடிக்கத்தான் உடல் தேவை.

4

எங்கள் மருங்காபுரி, மணப்பாறைப் பக்கத்து நிலத்துக்கு 'வானம் பார்த்த பூமி' என்று பெயர். மழை பொய்த்தால் வானத்தைப் பார்த்தவன் கீழே பார்க்க ஆரம்பிக்கிறான். வட்டிக்கு வாங்கி ஆழ்துளைக் கிணறு போடுகிறான். தண்ணி வராவிட்டால் குழியை அப்படியே விட்டுவிடுகிறான். கைவிட்ட குழிகளை மூடியாக வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. யார் மூடினார்கள், யார் போய்ப் பார்த்தார்கள்?

2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான் 2இன் விக்ரம் நிலவில் இறங்கும்போது தொடர்பு அறுந்தது. தேசமே கண் கலங்கியது. 48 நாள் கழித்து, அக்டோபர் 25 அன்று, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயசுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. குழாய் வழியாக ஆக்சிஜன் விட்டார்கள். கேமரா இறக்கினார்கள். சின்னக் கை மட்டும் தெரிந்தது. கையில் கயிற்றுச் சுருக்குப் போட்டு இழுத்துப் பார்த்தார்கள். குழந்தை இன்னும் கீழே போனது. பக்கத்தில் குழி தோண்ட வந்த இயந்திரங்கள் எங்க ஊர்ப் பாறையில் திணறின. அக்டோபர் 29 அதிகாலை இறந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

அந்த நாட்களில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: 'நிலாவுக்கு ராக்கெட் விடுறாங்க, ஒரு புள்ளையத் தூக்க முடியல.' படித்தவர்கள் இதை அறியாமை என்று ஒதுக்கினார்கள். இரண்டும் வேறு வேறு தொழில்நுட்பமாம். நான் அப்படி வாசிக்கவில்லை. குறுகிய கூட்டுக்குள் ஓர் உடல், அதற்கு ஆக்சிஜன், அதைப் பார்க்கக் கேமரா, அதை உயிரோடு வெளியே எடுக்க வழி: விண்வெளிக்கு மனிதனை அனுப்புவதன் சாரம் இதுதானே? ராக்கெட் பழுதானால் அதிகபட்சம் மூன்று பேரைக் காப்பாற்றும் கருவிக்கு 2018லும் 2023லும் சோதனை நடந்தது. ஆள் போவதற்கு முன்னால் வியோமமித்ரா என்ற இயந்திரப் பெண்ணை அனுப்பப்போகிறார்கள். ஆபத்தை வருஷக்கணக்கில் முன்கூட்டி யோசிக்க இந்த அரசுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நடுக்காட்டுப்பட்டியில் அந்த யோசனை குழந்தை விழுந்த பிறகுதான் தொடங்கியது.

மலக்குழிக்குள் இன்னும் மனிதன்தான் முதலில் இறங்குகிறான். 2013இல் தடைச் சட்டம் வந்தது. செத்தால் 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது; 2023இல் அதை 30 லட்சமாக்கியது. வானத்துக்குப் போக முதலில் இயந்திரம், சாக்கடைக்குப் போக முதலில் தலித். இந்த வரிசையை எந்த இயற்பியலும் தீர்மானிக்கவில்லை.

5

ஆகவே ராக்கெட்டை நிறுத்து என்பதல்ல நம் கோரிக்கை. ராக்கெட்டுக்குள் உட்காரும் உடலுக்குத் தரும் மதிப்பை வெளியே இருக்கும் உடலுக்கும் கொடு என்பதுதான். ககன்யானின் பாதுகாப்பு விதிகளை ஒரு பிரதியாக எடுத்து, ஆழ்துளைக் கிணறு, மலக்குழி, பட்டாசு ஆலை, ஆழ்கடல் படகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்து வாசிக்க வேண்டும். ஆபத்து நேரும் முன் யோசித்தது யார்? ஆளுக்குப் பதில் இயந்திரம் முதலில் போயிற்றா? வெளியே எடுக்க வழி இருக்கிறதா? விண்வெளி வீரனுக்காக எழுதிய கேள்விகள்தான். வேறு புதிதாக எதுவும் வேண்டாம். அவற்றுக்குப் பதில் சொல்லும் நாளில், 2040இல் நிலவில் கால் வைக்கப்போகும் அந்த ஆளை 'மனிதன்' என்று சொல்வதில் எங்களுக்கும் ஆட்சேபனை இருக்காது.