ஒரு கணினிக்குள் பதினான்கு கணினிகள்

ஒட்டுக்குடித்தன வீடுகளில் வாழ்ந்தவர்கள் ஒன்றை அறிவர். வாசல் ஒன்று, கிணறு ஒன்று. அடுப்புகள் மட்டும் பல. கதவைச் சாத்திக்கொண்டால் ஒவ்வொரு குடும்பமும் தனி வீட்டில் வாழ்வதாகவே எண்ணிக்கொள்ளும். கிணற்றில் நீர் குறையும்போதுதான் பக்கத்துக் குடித்தனக்காரர் நினைவுக்கு வருவார். இன்று வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் இயங்கும் வழங்கிகள் பலவற்றின் வாழ்க்கையும் இத்தகையதே. இரும்பாலான கணினி ஒன்றுதான். அதனுள் தம்மைத் தனிக் கணினிகள் என்று நம்பிக்கொண்டிருக்கும் 'மெய்நிகர் இயந்திரங்கள்' பல. இந்த நம்பிக்கையின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

1964ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனம் தன் புகழ்பெற்ற சிஸ்டம்/360 கணினி வரிசையை அறிவித்தது. ஆனால், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் வழியைத் தேடிக்கொண்டிருந்த எம்.ஐ.டி. ஆய்வாளர்களுக்கு அது நிறைவளிக்கவில்லை. நினைவக முகவரிகளை மாற்றிக் காட்டும் வசதி அதில் இல்லை. எனவே அவர்கள் ஜெனரல் எலக்ட்ரிக் கணினியைத் தேர்ந்தெடுத்தனர். ஐ.பி.எம்.முக்கு இது பெரிய அடி.

அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். தொடங்கியிருந்த அறிவியல் மையத்தில், ராபர்ட் கிரீசி என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு வேறு விதமாகச் சிந்தித்தது. பலருக்கும் பொதுவான ஒரு பேரமைப்பை எழுதுவதை விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினி இருப்பதுபோல் காட்டிவிட்டால் என்ன? மாடல் 40 கணினி ஒன்றில் முகவரி மாற்றத்துக்கான துணை வன்பொருளைத் தாமே பொருத்தி, சி.பி.-40 என்னும் மென்பொருளை எழுதினர். 1967 ஜனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் கணினியின் நினைவகம் 256 கிலோபைட். அதில் 14 மெய்நிகர் கணினிகள் இயங்கலாயின. ஒவ்வொன்றுக்கும் காட்டப்பட்ட நினைவகமும் அதே 256 கிலோபைட்தான்! இயங்குதளத்துக்கு அந்நாளில் 'சூப்பர்வைசர்' என்றொரு பெயர் வழங்கியது. அதற்கும் மேலே நின்று ஆள்வது என்பதால் இத்தகைய மென்பொருளுக்கு 'ஹைப்பர்வைசர்' என்னும் பெயர் நிலைத்தது.

இதில் ஒரு நகைமுரண் உண்டு. நேரப் பகிர்வுக்காக ஐ.பி.எம். முறைப்படி கட்டிய மாளிகை டி.எஸ்.எஸ்/360. பெரும் பொருளும் ஆளும் விழுங்கிய அத்திட்டம் 1971இல் கைவிடப்பட்டது. கேம்பிரிட்ஜ் குழுவின் அடுத்த படைப்பான சி.பி.-67 அதிகாரபூர்வ ஆதரவு ஏதுமின்றி வாடிக்கையாளர்களிடம் பரவி, 1972 ஆகஸ்டில் வி.எம்/370 என்னும் பெயரில் முறையான விளைபொருளாயிற்று. ஓரத்தில் முளைத்ததே மரமானது.

1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் ஆகிய இருவரும் இதற்கு இலக்கணம் வகுத்தனர். நிரல் உண்மைக் கணினியில் நடப்பதுபோலவே மெய்நிகர் கணினியிலும் நடக்க வேண்டும். வேகம் பெரிதும் குன்றலாகாது. வளங்களின் மீதான முழுக் கட்டுப்பாடும் மேற்பார்வை மென்பொருளிடமே இருக்க வேண்டும். இவ்விலக்கணத்துக்கு உட்படாத ஒன்றுதான் பின்னாளில் உலகெங்கும் பரவியது. மேசைக் கணினிகளிலும் மலிவான வழங்கிகளிலும் இருந்த இன்டெல் செயலியில், இவ்விதியை மீறும் கட்டளைகள் 17 என்று 2000ஆம் ஆண்டு ஆய்வொன்று எண்ணிச் சொன்னது. அதற்கு முன்பே, 1998இல் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்துவிடும் உத்தியால் தடையைத் தாண்டியிருந்தது. 1999இல் அதன் முதல் மென்பொருளும் 2001இல் வழங்கிகளுக்கான மென்பொருளும் வெளிவந்தன.

ஒரு பணிக்கு ஒரு வழங்கி என்று வாங்கிக் குவித்து, பெரும்பாலான நேரம் அவற்றைச் சும்மா சுழலவிட்டிருந்த நிறுவனங்களுக்கு இது வரமாயிற்று. பத்துப் பெட்டிகளின் வேலையை ஒன்றில் அடைக்கலாம். 2003இல் இன்னொரு வியப்பு நிகழ்ந்தது: ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமலேயே ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வசதி. கூடு விட்டுக் கூடு பாயும் சித்தர் கலை என்றே நமக்குத் தோன்றுகிறது.

வரம் எப்போதும் தனியே வருவதில்லை. பெட்டி வாங்கப் பணமும் ஒப்புதலும் வேண்டும். மெய்நிகர் இயந்திரம் பிறக்கச் சில சொடுக்குகள் போதும். பிறந்தவை பெருகின; எவருடையது, எதற்கானது என்று தெரியாதவையும் பெருகின. கண்காணிப்பு என்னும் தொழில் இங்கேதான் புதுப் பொருள் கொள்கிறது. ஏனெனில் உள்ளே இருப்பவனின் சாட்சியம் போதுமானதன்று. அவன் 'என் செயலி மெதுவாக இருக்கிறது' என்பான். பக்கத்துக் குடித்தனம் அதை எடுத்துக்கொண்டது அவனுக்குத் தெரியாது. லினக்ஸில் இதற்கென்றே 'களவு போன நேரம்' என்றொரு கணக்கு உண்டு: ஓடத் தயாராக இருந்தும் ஹைப்பர்வைசர் வேறொருவருக்குச் செயலியைக் கொடுத்துவிட்டதால் காத்துக்கிடந்த நேரம். நினைவகமும் அப்படியே. வி.எம்.வேர் 2002இல் விவரித்த 'பலூன்' உத்தியில், விருந்தாளி இயந்திரத்துக்குள் ஒரு பலூன் ஊதப்படுகிறது; அது அடைத்துக்கொள்ளும் நினைவகம் வெளியே வேறொருவருக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே அறையையும் பார்க்க வேண்டும், வீட்டையும் பார்க்க வேண்டும். இரண்டு கணக்கையும் அருகருகே வைத்தால்தான் உண்மை துலங்கும்.

பாராதிருந்தால் என்ன ஆகும்? 2021 பிப்ரவரியில் வி.எம்.வேர் தன் ஹைப்பர்வைசரில் இருந்த ஓட்டை ஒன்றுக்குத் திருத்தம் வெளியிட்டது. 2023 பிப்ரவரியில், இரண்டாண்டுகள் கழித்து, அந்தத் திருத்தத்தை இடாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்த வழங்கிகளைத் தேடிப் பிடித்துத் தாக்கினர் பணயக் கொள்ளையர். பல நாடுகளில் ஆயிரக்கணக்கான வழங்கிகள் பாதிக்கப்பட்டன. அவர்கள் ஒவ்வோர் அறையாகப் பூட்டுடைக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, மெய்நிகர் இயந்திரங்களின் கோப்புகளையே மறையீடு செய்து முடக்கினர். ஒட்டுக்குடித்தனத்தில் தலைவாசல் திறந்து கிடந்தால் உள்ளறைப் பூட்டுகள் எதற்கு உதவும்?

இவ்வரலாறு நமக்குச் சொல்வது இதுதான். பதினான்கு பேருக்குப் பதினான்கு முழுக் கணினிகள் என்பது ஓர் அழகிய புனைவு. அந்தப் புனைவுக்குள் வாழ்பவர் அதை நம்பலாம், நம்பத்தான் வேண்டும். அதைக் காத்து நிற்பவர் மட்டும் ஒருபோதும் நம்பலாகாது. கிணறு ஒன்றுதான் என்பதை அவர் ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்த்து அறிந்தாக வேண்டும்.