கம்பவுண்டர் என்னும் பாலம்

மூணாறு மலையின் வரலாற்றை எழுதுவோர், 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்ற ஜான் டேனியல் மன்றோவிலிருந்து தொடங்குவர். துரைமார் பெயர் வரும், டாக்டர்மார் பெயரும் வரும். டாக்டரின் சீட்டை மருந்தாக்கி நம் ஜனங்களுக்குக் கொடுத்த கம்பவுண்டரின் பெயரை மட்டும் காணோம்.

இவருடைய பூர்வீகம் சிறியதன்று. 1835-இல் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, வெள்ளைக்கார டாக்டர்களுக்குத் துணை நிற்பவர்களைப் பழக்கவே ஏற்பட்டது. அதுவே 1850-இல் சென்னை மருத்துவக் கல்லூரி ஆயிற்று. ஆக, உதவியாளர் பள்ளிதான் டாக்டர் கல்லூரிக்குத் தாய்! நம் பாலக்காடும் 1956 வரை சென்னையோடு இருந்த ஊர்தானே.

தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள். டாக்டர் எப்போதாவது வருவார். கம்பவுண்டர் தினமும் இருப்பார். மிக்சர் பாட்டிலில் வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் அந்த அளவு புரிந்துவிடும்.

எழுபதுகளில் நான் ஏலக்காய் வாங்க வண்டன்மேடு போய்வந்த காலம். என்னோடு வந்த சுமைகாரருக்கு ராத்திரி தாங்க முடியாத வயிற்றுவலி. "வலிக்கு ஏதாச்சும் குடுங்க ஐயா" என்று கெஞ்சினேன். கம்பவுண்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இது என் கைக்கு மிஞ்சினது, மொதலாளி. மருந்து குடுத்து வலிய அமுக்கினா ஆளு போயிருவாரு. ஜீப்பு பிடிங்க" என்றார். தானும் கூடவே ஏறிக்கொண்டார். குடல்வால் அழற்சி, விடிவதற்குள் ஆபரேஷன் நடந்தது, ஆள் பிழைத்தார். தெரிந்ததைச் செய்வதும், தெரியாத இடத்தில் கையை எடுப்பதும் சேர்ந்ததே பயிற்சி என்பதை அன்றுதான் கற்றேன்.

1948-இன் மருந்தியல் சட்டம் இவர்களை அடியோடு ஒதுக்கிவிடவில்லை. டாக்டர் சீட்டுப்படி ஐந்தாண்டு மருந்து கலக்கிய அனுபவம் உள்ளவரும் முதல் பதிவேட்டில் இடம்பெற வழிவைத்தது. அனுபவத்துக்கு அரசாங்கம் செய்த மரியாதை அது. பிற்பாடு படிப்பு கட்டாயமானது, அதுவும் நியாயமே.

சமணர் போற்றும் நால்வகைத் தானங்களில் ஔடத தானமும் ஒன்று. அதைச் சம்பளத்துக்குச் செய்தாலும் மனசோடு செய்தவர்கள் இவர்கள். உங்கள் குடும்பத்தில் ஒரு கம்பவுண்டர் தாத்தா இருந்திருந்தால், அவர் பெயரையும் வேலை பார்த்த தோட்டத்தையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?