தமிழ் வலைப்பதிவு: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

தமிழ் வலைப்பதிவு என்பது தனியொருவர், சொந்தப் பெயரிலோ புனைபெயரிலோ, எந்த ஆசிரியரின் ஒப்புதலும் தேவையின்றித் தேதி வாரியாக இணையத்தில் எழுதிவரும் இடுகைகளின் தொகுப்பு. வலைப்பூ என்றும் சொல்வார்கள். புதியது மேலே, பழையது கீழே, ஒவ்வொன்றின் அடியிலும் வாசகரின் பின்னூட்டம், அமைப்பு அவ்வளவுதான். 2003இல் தொடங்கிப் பத்தாண்டுகள் செழித்து, பிறகு கூட்டம் கலைந்தபோதும் எழுதுவோரும் படிப்போரும் அற்றுப்போகாத வடிவம் இது.

வலைப்பதிவு எழுத இலவசமாக இடம் தரும் ப்ளாகர் சேவையை 1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் தொடங்கியது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. தமிழின் முதல் பதிவுகளும் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் வந்தன. எழுத ஆள் இருந்தது, இடமும் இலவசமாகக் கிடைத்தது, வம்பு எழுத்துருவில்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணையம் 99 மாநாடு விசைப்பலகையைத் தரப்படுத்தியும், ஆளுக்கொரு குறியீட்டில் எழுதும் வழக்கம் ஓயவில்லை. ஒருவர் எழுதியது இன்னொருவர் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு எல்லோரும் மாறிய பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது. முகுந்தராஜின் எ-கலப்பை, சுரதாவின் எழுத்துமாற்றி, அதிராம்பட்டினம் உமர் தம்பியின் தேனீ எழுத்துரு ஆகியவை இந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கின. மூன்றுமே இலவசம். பிரவுசிங் சென்டர் கணினியில் புதிய மென்பொருளை நிறுவ விடமாட்டார்கள். அங்கே எழுதியவர்கள் எழுத்துமாற்றிப் பக்கத்தில் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி, தமிழாக மாறியதை வெட்டி, ப்ளாகர் பெட்டியில் ஒட்டினார்கள்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த காசி ஆறுமுகம் 2004 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே முகப்பில் கொண்டுவந்தது. இலக்கிய வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. டொராண்டோவில் எழுதியதைப் பத்தாவது நிமிடத்தில் பல்லாவரத்தில் படித்துப் பின்னூட்டம் போட முடிந்தது. வாரம் ஒரு நட்சத்திரப் பதிவர், சூடான இடுகைகள், மொக்கை, கும்மி, அனானி என்று அந்த உலகத்துக்கே ஒரு பேச்சுமொழி உண்டானது.

தென்சென்னைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. 2006 செப்டம்பரில் பிளாக்கேம்ப் என்ற பதிவர் சந்திப்பு கூடியது தரமணி டைடல் பார்க்கில். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கத்து மென்பொருள் ஊழியர்களும், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் அகலப்பாட்டை இணைப்பு வாங்கியவர்களும் ஒரே மேடையில் சண்டை போட்டுக்கொண்ட காலம் அது.

நங்கநல்லூரில் வாழ்ந்த மொழிபெயர்ப்பாளர் டோண்டு ராகவன் தென்சென்னையின் இந்தப் பங்குக்கு நல்ல சான்று. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகள் அறிந்தவர். மொழிபெயர்ப்புத் தொழிலில் கட்டணம் பேசுவது முதல் சோ நடத்திய துக்ளக் இதழின் ஆண்டுவிழா வரை எழுதித் தள்ளினார். அவர் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி யாரோ ஆபாசப் பின்னூட்டங்கள் இட்டார்கள். அவரும் சளைக்கவில்லை. தன் ப்ளாகர் கணக்கின் நீண்ட எண்ணைப் பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொண்டார். பெயர்மேல் சுட்டியை வைத்தால் திரையின் அடியில் அதே எண் தெரிய வேண்டும், இல்லையென்றால் எழுதியது தான் அல்ல என்றார். பின்னூட்ட மட்டுறுத்தல் தமிழ்ப் பதிவுலகில் நிலைபெற்றதற்கு இத்தகைய தொல்லைகளே காரணம். அவர் 2013 பிப்ரவரியில் காலமானார்.

பக்கத்து மடிப்பாக்கத்துக்காரர் லக்கிலுக் என்ற யுவகிருஷ்ணா. வெளிப்படையான திமுக அனுதாபி. பதிவில் பழகிய நடையோடு பத்திரிகைத் துறைக்குப் போய்ப் புதிய தலைமுறை வார இதழில் எழுதினார். சாப்பாட்டுக்கடை என்ற தொடரால் அறியப்பட்ட கேபிள் சங்கர் 2015இல் 'தொட்டால் தொடரும்' படத்தை இயக்கினார். வேறு வாசல் வழியாக இவர்கள் இந்தத் துறைகளுக்குள் வந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

பேஸ்புக்கும் ட்விட்டரும் பரவியதும் பதிவர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. பல திரட்டிகள் நின்றன, தமிழ்மணமும் பழைய பரபரப்பை இழந்தது. மதுரையிலும் (2014) புதுக்கோட்டையிலும் (2015) பதிவர் சந்திப்புகள் கூடியதைப் பார்த்தால், அலுத்துப்போனவர்கள் எல்லோரும் அல்லர் என்று தெரிகிறது.

வடிவம் நீடிப்பதற்கு எழுத்தின் தரம் முக்கியக் காரணம் அன்று. இடுகைக்கு நிலையான முகவரியும் தேதியும் இருப்பதே காரணம். எடுத்துக்காட்டாக, 2015 டிசம்பர் 1–2இல் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அன்று செய்தி பறந்தது பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும்தான், மறுக்க முடியாது. ஆனால் எந்தத் தெருவில் எந்த மட்டம்வரை தண்ணீர் நின்றது என்று முடிச்சூரில் மனை வாங்கப்போகிறவர் இன்று அவற்றில் தேடி எடுப்பது பெரும்பாடு. பதிவாக எழுதப்பட்டது தேடலில் வந்து நிற்கும். இன்று பெயர்பெற்ற தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜானும் வானிலைப் பதிவுகளில் எழுதிப் பழகியவரே.

2023இல் கூகுள் இரண்டாண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை அறிவித்தது. மறைந்த பதிவர்களின் குடும்பத்தாரும், கடவுச்சொல் மறந்த பழைய பதிவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ப்ளாகரின் அமைப்புகள் பக்கத்தில் காப்புநகல் எடுக்கும் வசதி இருக்கிறது. இடுகைகளையும் பின்னூட்டங்களையும் அதில் இறக்கிக்கொள்ளலாம். இன்றே எடுத்து வையுங்கள்.